மண்டி, கசடு, எச்சில்: மிச்சத்தின் சொல்லரசியல்

1

கந்தர்வக்கோட்டையில் தஞ்சாவூர் சாலையோரம் நின்று டீ குடிக்கிற யாரும் கிளாஸின் கடைசி மடக்கைக் குடிப்பதில்லை. ஒரு சுழற்று சுழற்றித் தரையில் வீசி ஊற்றிவிட்டுத்தான் கிளாஸை வைப்பார்கள். அடியில் கிடப்பது மண்டி. மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருக்கும் நண்பர் ஒருவர் அப்படி ஒருமுறை கிளாஸைச் சுழற்றிக்கொண்டே கேட்டார்: "ஆங்கிலத்துல இதுக்கு எத்தனை சொல் வச்சிருக்கான் தெரியுமா? ஒயினுக்கு ஒண்ணு, காப்பிக்கு ஒண்ணு, கிளாசுல மிச்சம் வச்சா அதுக்கு ஒண்ணு. நாம எல்லாத்துக்கும் கசடு கசடுன்னு எழுதிக்கிட்டு இருக்கோம்." பக்கத்திலிருந்த தமிழாசிரியருக்குக் கோபம். "ஏன்யா, நம்மகிட்ட இல்லாத சொல்லா? மண்டி, வண்டல், கசண்டு, திப்பி, சக்கை, கோது, காந்தல்... எண்ணிக்கிட்டே போகலாம்" என்றார்.

மொழிபெயர்ப்பாளரின் தாழ்வு மனப்பான்மையும் தமிழாசிரியரின் பெருமிதமும் ஒரே தவறின் இரண்டு முகங்கள் என்பது என் எண்ணம். இருவருமே சொற்களை எண்ணுகிறார்கள். ஒரு மிச்சத்துக்குப் பெயர் வைப்பவர் யார், அந்தப் பெயர் எந்த உறவைச் சொல்கிறது, எந்த உறவை மறைக்கிறது என்ற கேள்வி இருவருக்குமே எழவில்லை. பானத்திலும் பாத்திரத்திலும் தங்கும் மிச்சத்தைப் பற்றிய ஆங்கிலச் சொற்களையும் தமிழ்ச் சொற்களையும் அந்தக் கேள்வியோடு அருகருகே வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

2

ஆங்கிலச் சொற்களை முதலில் எடுத்துக்கொள்வோம். 'ட்ரெக்ஸ்' என்பது எந்தப் பானத்தின் அடியிலும் தங்குவது. வடநாட்டு நோர்ஸ் மொழியிலிருந்து வந்த சொல். 'லீஸ்' என்பது ஒயின் புளித்து முடிந்தபின் பீப்பாயின் அடியில் படியும் ஈஸ்ட் வண்டல். பிரெஞ்சு வழியாக வந்தது. 'கிரவுண்ட்ஸ்' காப்பித்தூளின் சக்கை. 'செடிமெண்ட்' லத்தீனில் 'உட்கார்தல்' என்ற வினையிலிருந்து பிறந்தது, அதாவது உட்கார்ந்துவிட்டது. 'ஹீல்டாப்' என்று ஒரு வேடிக்கையான சொல் உண்டு. செருப்பின் குதிகாலில் அடிக்கும் தோல்துண்டின் பெயர் அது. கிளாஸில் குடிக்காமல் விட்ட கடைசி மடக்குக்கும் அதுவே பெயராயிற்று. விருந்தில் வாழ்த்துச் சொல்லிக் குடிக்கும்போது, 'ஹீல்டாப் கூடாது' என்றால் அடிவரை குடித்தாக வேண்டும் என்று பொருள். 'அல்லேஜ்' என்பது பீப்பாயில் மதுவுக்கு மேலே காலியாகிப்போன இடம். குறைந்துபோனதற்குக்கூட ஒரு பெயர். ஏனென்றால் அந்தக் குறைவுக்கு வணிகன் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

இந்தச் சொற்களில் பலவும் ஒரு தொழிலின் முற்றத்தில் நிற்கின்றன: மது வடிப்பவன், மது வியாபாரி, விருந்து கொடுக்கும் கனவான். சரக்கின் தரம், அளவு, விலை என்பதே அவற்றின் பார்வை. 'லீஸ்' வேண்டாத பொருளும் அல்ல. அதன்மேலேயே சில காலம் வைத்திருந்தால் ஒயினுக்கு ருசி கூடும் என்பது தொழில்முறை.

ஆகவே ஆங்கிலச் சொற்கள் பொருளைத்தான் பேசுகின்றன, மனிதரைப் பேசவில்லை என்று சொல்லிவிடலாமா? முடியாது. பெரிய வீட்டுப் பந்தியில் எஞ்சிய உணவை வாசலில் காத்திருக்கும் ஏழைகளுக்குக் கொடுப்பதற்கு 'ப்ரோக்கன் மீட்ஸ்' என்று ஒரு பழைய வழக்கு இருந்தது. 'ஆர்ட்ஸ்' என்பது மாடு தின்று கழித்த தீவன மிச்சத்தின் பெயர். பிறகு அது மனிதர் தின்று கழித்ததற்கும் ஆயிற்று. 'சமூகத்தின் ட்ரெக்ஸ்' என்பது இன்றும் புழங்கும் வசை. மார்க்சே லூயி போனபார்ட்டின் பதினெட்டாம் புரூமேரில் (1852) உதிரிப் பாட்டாளிகளைக் கழிவு, அழுக்கு நுரை என்ற பொருள்படும் சொற்களால்தான் வரிசைப்படுத்துகிறார். பாத்திரத்தின் அடியில் கிடப்பதும் சமூகத்தின் அடியில் கிடப்பதும் ஒரே சொல்லால் சுட்டப்பட்டன. ஆனால் அங்கே அது உருவகம். அடிமட்டத்து மனிதனைக் கசடு 'என்று சொல்வது'. அவன் வாய்பட்ட கிளாஸ் அதனால் கெட்டுவிட்டது என்று அந்த மொழி ஒரு தனிச்சொல்லை வைத்துக்கொண்டிருக்கவில்லை.

3

இனி நம் பட்டியல். நெய் காய்ச்சி இறுத்தபின் அடியில் தங்குவது கசண்டு. ரசத்தில் மேலே தெளிவு, கீழே மண்டி. தேங்காய்ப்பால் பிழிந்தால் திப்பி. புளி கரைத்தால் கோது. கரும்பு பிழிந்தால் சக்கை. எங்கள் பக்கம் கடலை ஆட்டினால் பிண்ணாக்கு. அரிசி களைந்தது கழனித்தண்ணி. சோறு வடித்தது வடிகஞ்சி. பழைய சோற்றின்மேல் நிற்பது நீராகாரம். அடிப்பிடித்தது காந்தல். பாலின்மேல் படிவது ஏடு, ஆடை. தண்ணீர் தெளிந்து அடியில் தங்குவது வண்டல்.

இந்தச் சொற்கள் சமையலறையில் நிற்கின்றன. செக்கில், தொழுவத்தில், வயலில் நிற்கின்றன. இவற்றில் பல குப்பையைச் சுட்டுவனவே அல்ல. பிண்ணாக்கும் கழனித்தண்ணியும் மாட்டுக்கு. கசண்டில் சோறு போட்டுப் பிசைந்து உருட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். ஏரியின் வண்டலை வண்டிகட்டி அள்ளி வந்து வயலுக்கு அடித்தார்கள். காவிரியின் கழிமுகம் முழுக்க வண்டல்தான். அதன் விளிம்பில் செம்மண்ணில் முந்திரியும் கடலையும் போட்டுக்கொண்டிருக்கிற எங்களுக்கு வண்டலின் அருமை தெரியும். ஒரு வேலையின் மிச்சம் இன்னொரு வேலையின் தொடக்கம் என்ற உழைப்பாளியின் அறிவு இந்தச் சொற்களுக்குள் இருக்கிறது. இவற்றை உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் பெண்களாகத்தான் இருக்க வேண்டும். இறுத்தவர்களும் வடித்தவர்களும் அவர்கள்தானே.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–1936) தொடங்கி 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வரை இப்படிப்பட்ட சொற்களைச் சேர்த்த பணியைக் குறைத்து மதிப்பிட முடியாது. எழுத்து வழக்கு விட்டுவிட்டதை கி. ராஜநாராயணன், பெருமாள்முருகன், கண்மணி குணசேகரன் போன்றோர் தத்தம் வட்டாரச் சொல்லகராதிகளில் மீட்டெடுத்தார்கள். தமிழாசிரியரின் பெருமிதத்துக்கு இதுவரை அடிப்படை உண்டு. ஆனால் அவர் தன் பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்க்கவில்லை. சேர்க்க மறந்தாரா, சேர்க்கக் கூசினாரா தெரியாது. அந்தச் சொல் எச்சில்.

4

எஞ்சு என்ற வினையிலிருந்து எச்சம், எச்சில் இரண்டும் வந்தன. எச்சம் மரியாதையான சொல். இலக்கணத்தில் அதற்குத் தனி இடம் உண்டு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கடைசி இயலின் பெயரே எச்சவியல். முடியாமல் நிற்கும் வினை ஒரு பெயரையோ இன்னொரு வினையையோ தேடுகிறது. வந்து சேர்ந்ததும் வாக்கியம் நிறைவடைகிறது. எச்சம் தொடர்ச்சியை எதிர்பார்க்கிறது. எச்சில் தொடர்ச்சியைத் தடுக்கிறது.

மண்டி, கசடு, சக்கை எல்லாம் பொருளின் பெயர்கள். எச்சில் பொருளின் பெயர் அல்ல. கிளாஸின் அடியில் கிடக்கும் அதே மண்டி, நான் வாய்வைத்த நொடியில் எச்சில் ஆகிவிடுகிறது. அதில் ஒரு துகள்கூடக் கூடவில்லை, குறையவில்லை. கூடியது ஓர் ஆள். 'யார் எச்சில்?' என்று கேட்கலாம், 'யார் வண்டல்?' என்று கேட்க முடியாது. ஆங்கிலத்தில் அண்மைக்காலத்தில் வந்து சேர்ந்த 'பேக்வாஷ்' என்ற பேச்சுவழக்கு இதற்குக் கிட்டத்தில் வருவதுபோல் தெரியும். பாட்டிலில் வாய்வைத்துக் குடித்தவன் வாயிலிருந்து திரும்பி உள்ளே போனது என்று அதற்குப் பொருள். அருவருப்பு இருக்கிறது, உண்மை. ஆனால் அந்த அருவருப்பு யார் வாய் என்று பார்ப்பதில்லை, கழுவினால் போய்விடும். எச்சிலோ கழுவியபின்னும் பாத்திரத்தில் தங்கும் என்று நம்பப்படுகிற ஒன்று.

நமக்கு 'பேக்வாஷ்' தேவைப்படாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் அண்ணாந்து குடிப்பவர்கள். செம்பை உதட்டில் படாமல் தூக்கி ஊற்றிக்கொள்ளக் குழந்தையிலேயே பழக்கிவிடுகிறார்கள். 'சப்பிக் குடிக்காதே' என்பது நாம் கேட்டு வளர்ந்த முதல் அதட்டல்களில் ஒன்று. உடலின் நுட்பங்கள் சமூகத்தால் கற்றுத்தரப்படுபவை என்று மார்செல் மோஸ் 1934-இல் பேசினார். அதற்கு அண்ணாந்து குடித்தலைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மிட்டாயைச் சட்டைத்துணியில் சுற்றிக் கடித்துப் பங்கு போடுவார்களே, காக்காக்கடி, அது இந்தச் சட்டத்துக்குள்ளேயே குழந்தைகள் கண்டுபிடித்த சந்து. துணி இடையில் இருப்பதால் எச்சில் இல்லையாம். நட்புக்காக விதியை ஏமாற்றும் அழகான ஏற்பாடுதான். ஆனாலும் விதி அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது.

எச்சில் எப்போதும் இழிவு என்பதும் இல்லை. கண்ணப்பன் வாயில் சுவைபார்த்த இறைச்சி சிவனுக்கு அமுது. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை பெருமாளுக்கு உவப்பு. அதர்வ வேதத்தில் உச்சிஷ்டத்தைப் போற்றும் ஒரு சூக்தமே இருக்கிறது. குழந்தையின் எச்சில், காதலியின் எச்சில் தித்திக்கும். அன்பும் பக்தியும் எச்சிலை ஏற்றுக்கொள்ளும் என்று நமது பெருமரபு பெருமைப்படுகிறது. சரி, டீக்கடையில் என்ன நடந்தது?

5

டீ பழைய பானமல்ல. 1930களில் தேயிலை வாரியங்கள் ஊர் ஊராகப் பிரச்சாரம் செய்து பரப்பிய சரக்கு அது. எஸ்டேட்டுகளில் இலைத்தேயிலை சலித்துத் தரம் பிரித்தபின் கடைசியில் விழும் பொடிக்கு 'டஸ்ட்' என்று பெயர். நம் கடைகளுக்குப் பெரும்பாலும் வருவது அதுதான். மலையில் நம் ஆட்கள் பறித்ததன் தூசு நமக்கே திரும்பி வருகிறது. துணிப்பையின் கண்களில் நுழைந்து கிளாஸின் அடியில் மண்டியாகப் படிவதும் அந்தத் தூசுதான்.

சூடான டீயை அண்ணாந்து ஊற்றிக்கொள்ள முடியாது. காப்பிக்கு டபரா செட் இருந்தது. விளிம்பு மடங்கிய டம்ளரில் ஆற்றித் தூக்கிக் குடிப்பவர்கள் இருந்தார்கள். கண்ணாடி கிளாஸ் டீயில் வாய்வைத்தே ஆகவேண்டும். ஆக ஊரார் வாயெல்லாம் மாறி மாறிப் படுகிற பொதுப் பாத்திரம் ஒன்று ஊருக்குள் வந்தபோது எச்சிலின் சட்டம் ஆட்டம் கண்டது. இரட்டைக் குவளை அந்த ஆட்டத்துக்குச் சாதி கண்டுபிடித்த பதில். காலங்காலமாக இருக்கிற பழக்கம் என்று அதைச் சொல்வது பொய். டீக்கடைக்கு என்ன வயதோ அதுதான் டீக்கடை இரட்டைக் குவளைக்கும் வயது. ஒரு வரிசை கண்ணாடி, ஒரு வரிசை அலுமினியம் அல்லது சிரட்டை. குடித்தவனே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகவேண்டும். பெஞ்சில் உட்காரக்கூடாது. 'செடிமெண்ட்' என்றால் உட்கார்ந்தது என்று பார்த்தோம். மண்டிக்கு உட்காரும் உரிமை இருந்தது, அதைக் குடித்தவனுக்கு இல்லை.

1955-இன் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் பொது உணவகத்தின் பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதற்கும் பின்னால் வந்தது. சட்டத்துக்குப் பயந்த கடைக்காரர்களுக்கு ஒருமுறை குடித்து எறியும் கப் கைகொடுத்தது. சில கடைகளில் எல்லோருக்கும் கப், சமத்துவம்தான். வேறு சில கடைகளில் அவர்களுக்குக் கண்ணாடி, இவர்களுக்குக் கப். கேட்டால் 'சுகாதாரம் சார்' என்றார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் பிளாஸ்டிக் கப்புகளும் பிளாஸ்டிக் பூச்சிட்ட காகிதக் கப்புகளும் தடைசெய்யப்பட்டன. சுற்றுச்சூழலுக்கு நல்லது, மறுப்பில்லை. ஆனால் கண்ணாடி கிளாஸுக்குத் திரும்பினால் யார் கழுவுவது, எத்தனை வரிசை வைப்பது என்ற பழைய கேள்வியும் கூடவே திரும்புகிறது என்பதை அந்த விவாதத்தில் அதிகம் பேர் பேசக் கேட்கவில்லை.

6

ஓம்பிரகாஷ் வால்மீகியின் இந்தித் தன்வரலாறு 1997-இல் வந்தது. தலைப்பு 'ஜூட்டன்': எச்சில். கல்யாண வீட்டில் வேலை செய்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சோறு கேட்ட தாய் அவமானப்படுத்தப்படுகிறாள். கூடையில் சேர்த்து வைத்திருந்த எச்சில் பூரிகளை அங்கேயே கொட்டிவிட்டுப் பிள்ளைகளோடு நடக்கிறாள். அதன்பின் அந்த வாசலுக்குப் போகவில்லை. இந்த நூலை 2003-இல் ஆங்கிலத்தில் தந்த அருண் பிரபா முகர்ஜி தலைப்பை மொழிபெயர்க்கவில்லை, மூலச்சொல்லையே வைத்துக்கொண்டார். மிச்ச உணவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் எதுவும் அந்த இழிவைச் சுமக்காது. நேற்றுச் செய்ததை இன்று சூடுபண்ணிச் சாப்பிடும் வெள்ளைக்காரனும் மிச்சம்தான் சாப்பிடுகிறான். நண்பர் ஏங்கினாரே, ஆங்கிலத்தின் சொல்வளம், அது தோற்ற இடம் இது. தமிழுக்கு அந்தச் சிக்கல் இல்லை. எச்சில் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

பாமாவின் 'கருக்கு' (1992) பாட்டியைக் காட்டுகிறது: வீட்டுக்காரர்கள் மேலேயிருந்து ஊற்றும் தண்ணீரைக் கையேந்திக் குடிப்பவள், மிஞ்சிப்போன சோற்றை வாங்கிக்கொண்டு வருபவள். நாம் நாகரிகம் என்று பழகிய அண்ணாந்து குடித்தலும் இந்த மேலிருந்து ஊற்றலும் ஒரே இலக்கணத்தின் இரண்டு விதிகள். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவலின் ஆரோக்கியம் வீடுவீடாகச் சோறு வாங்குகிறாள். அங்கே மிச்சம்தான் கூலி. 1927 மார்ச்சில் மகாத்தில் கூடியவர்களிடம் அம்பேத்கர் குளத்துத் தண்ணீரை மட்டும் பேசவில்லை. செத்த மாட்டையும் வீசியெறியப்படும் மிச்சத்தையும் இனித் தொடாதீர்கள் என்றும் கேட்டார். எச்சிலை மறுப்பது உண்பது பற்றிய முடிவு மட்டுமல்ல, கூலி பற்றிய முடிவு.

கரூர் மாவட்டம் நெரூரில் சதாசிவ பிரம்மேந்திரர் ஆராதனையில் பிறர் சாப்பிட்ட எச்சில் இலைகளில் உருளும் வேண்டுதல் உண்டு. 2015-இல் உயர்நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2024 மே மாதம் தனி நீதிபதி அது பக்தரின் உரிமை என்று அனுமதித்தார். 2025 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த அனுமதியை ரத்து செய்தது. எல்லாச் சாதியாரும்தானே உருளுகிறார்கள் என்பது ஆதரவாளர்கள் வாதம். எல்லோரும் உருளலாம். ஆனால் உருளுவதில் ஒரு தாழ்ச்சி இருப்பதால்தான் அது வேண்டுதல் ஆகிறது. எச்சில் இழிவு என்ற எண்ணம் இல்லாத ஊரில் இலையில் உருண்டு ஒரு புண்ணியமும் தேடமுடியாது. பெருமரபு எச்சிலைப் போற்றுகிறது என்று சொல்பவர்களுக்கும் இதுவே பதில். போற்றுதலும் இழிவும் ஒரே முதலீட்டில் நடக்கும் வியாபாரம்.

7

2022 டிசம்பர் கடைசியில் எங்கள் மாவட்டத்து வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது தெரியவந்தது. பிள்ளைகளுக்கு நோய் கண்டபின்தான் தொட்டிமேல் ஏறிப் பார்த்தார்கள். விசாரிக்க வந்த மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அங்கேயே, இறையூரில், டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும் கண்டார்கள், வழக்குப் பதிவானது. கிளாஸிலிருந்து தொட்டி வெகுதூரத்தில் இல்லை என்பதற்கு நான் வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல்செய்த குற்றப்பத்திரிகை பாதிக்கப்பட்ட மக்களில் மூவரையே குற்றஞ்சாட்டியது. அந்த மக்களும் பல இயக்கங்களும் அதை ஏற்கவில்லை.

செய்தித்தாள்கள் இதை எப்படி எழுதின? 'குடிநீரில் மனிதக் கழிவு கலந்த விவகாரம்.' மலம் என்று எழுதக் கூச்சம். ஆங்கிலத்தின் இடக்கரடக்கலைத் தமிழாக்கி 'மனிதக் கழிவு' ஆக்கினார்கள். அதைக்கூட விட்டுவிடலாம். 'கலந்த' என்ற சொல்லைப் பாருங்கள். அது ஒரு பெயரெச்சம். தமிழில் 'கல' என்பது தானாகக் கலப்பதற்கும் ஆகும், ஒருவர் கலப்பதற்கும் ஆகும். 'பால் கலந்த டீ' என்கிறோம். யார் கலந்தார் என்று கேட்பதில்லை. வண்டல் படிந்த தொட்டி, பாசி பிடித்த தொட்டி, கழிவு கலந்த தொட்டி: மூன்றும் ஒரே வாக்கிய அமைப்பு. முதல் இரண்டும் தானாக நடக்கும். மூன்றாவது தானாக நடக்காது; ஒரு மனிதக் கை வேண்டும். அந்தக் கையை எச்சம் விழுங்கிவிட்டது.

2024 ஏப்ரலில் கந்தர்வக்கோட்டைப் பக்கத்துச் சங்கம்விடுதி ஊராட்சியிலும், தலித் மக்களின் தொட்டியில் சாணம் கிடந்ததாகப் புகார் எழுந்தது. புகாரின் உண்மை பொய் இங்கே என் விஷயமல்ல. கேட்டவுடன் அத்தனை பேருக்கும் அதன் பொருள் விளங்கியதே, அதுதான் விஷயம். மகாத்தில் தலித்துகள் குடித்த குளத்தைச் சாணமும் கோமியமும் ஊற்றித்தான் 'சுத்தம்' செய்தார்கள். இடம் மாறிய பொருளே அழுக்கு என்று மேரி டக்ளஸ் 1966-இல் எழுதினார். நம் ஊரில் அதோடு ஒன்று சேர்க்கவேண்டும்: எது எங்கே இருக்கவேண்டும் என்று விதிக்கும் ஆள் யார்?

8

மொழிபெயர்ப்பாள நண்பருக்கு: ஒயின் பீப்பாயின் அடியில் கிடப்பதற்கு மண்டி என்று தைரியமாக எழுதுங்கள், கள்ளுக்குப் பொருந்துவது ஒயினுக்கும் பொருந்தும். காப்பிக்குச் சக்கை. கிளாஸில் விட்ட கடைசி மடக்கைக் கடைசி மடக்கு என்றே சொல்லலாம். ஆனால் எந்த வெள்ளைக்காரப் பாத்திரம் குடித்து வைத்த மிச்சத்துக்கும் எச்சில் என்று எழுதுமுன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். மூலத்தில் இல்லாத ஒரு சாதியை நீங்கள் அந்தக் கதைக்குள் அழைத்துக்கொண்டு போகிறீர்கள்.

தமிழாசிரியருக்கும் அகராதி செய்பவர்களுக்கும்: எச்சில் என்ற சொல்லுக்கு உமிழ்நீர், உண்டு எஞ்சியது, வாய்பட்டது என்று பொருள் எழுதினால் போதாது. எச்சில் இலை எடுப்பது, எச்சில் இடுவது, பத்துப் பாத்திரம் தேய்ப்பது, ஊர்ச்சோறு வாங்குவது, தனிக்குவளை கழுவுவது, இவை யார் யாருக்கு விதிக்கப்பட்ட வேலைகளாக இருந்தன, இன்னும் இருக்கின்றன என்பதும் அந்தச் சொல்லின் பொருள்தான். வட்டார அகராதிகளுக்குச் சொல் திரட்டப் போகிறவர்கள் ஏனம் கழுவுகிற இடத்துக்கும் போக வேண்டும்.

செய்தி எழுதும் தோழர்களுக்கு: 'கலந்த' என்று எழுதாதீர்கள். செய்தவர் யாரென்று தெரியாவிட்டாலும் 'யாரோ கலந்தார்கள்' என்று எழுதலாம். அந்த 'யாரோ' வாசகனை அடுத்த கேள்வி கேட்க வைக்கும்.

அன்று மண்டியை வீசி ஊற்றிவிட்டு நாங்கள் மூவரும் கிளாஸை மேஜையில் வைத்தோம். கடையில் வேலைசெய்யும் அம்மா மூன்றையும் ஒரே கையில் கோத்து எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் வாளியில் முக்கினார். எங்களில் யாரும் அவரிடம் மண்டிக்கு இங்கே வேறு என்ன பேர் உண்டு என்று கேட்கவில்லை.